தோணி ஓட்டத்தில் பலகைத் தோணிக்குத் தனி வரிசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியில் தோணி ஓட்டம் வைக்கும் சங்கங்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம்.

கரீபியன் கடலில் கிரனடா நாட்டைச் சேர்ந்த கரியகூ என்றொரு தீவு உண்டு. பத்தாயிரம் சனம்கூட இல்லை. 1965இல் அங்கே தொடங்கிய பாய்ப்படகுப் போட்டி ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. அதன் உயிரே உள்ளூரில் கட்டிய மரப்படகுகள்தான். கரியகூ, பெட்டிட் மார்ட்டினிக் ஆகிய இரு தீவுகளின் மரப்படகுக் கலையை யுனெஸ்கோ 2023இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வின்ட்வார்ட் என்ற ஊரில் வரைபடம் வைக்காமல் கண்ணளவிலேயே, கடற்கரையில் வைத்துக் கட்டுகிறார்கள். முதலில் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராமரம், பிறகு முன்பக்கமான அணியமும் பின்பக்கமும், நடுவில் விலா எலும்பு போன்ற சில வங்குகள். அவற்றைச் சுற்றி மெல்லிய சலாகைகளை வளைத்துக் கட்டினால் மீதி வங்குகளின் வடிவம் தானே தெரிந்துவிடும். வங்குக்கு அவர்கள் எடுப்பது வெள்ளை சீடர் மரத்தில் இயற்கையாக வளைந்த கொப்பு. நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் அறுபட்டு, வளைவிலேயே முறியும். பூவரசங் கொப்பில் வளைவு தேடியவர்களுக்கு இது விளங்கும்.

பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுச் செய்வதிலும் அளவு உண்டு. தளர்வாகத் திணித்தால் ஒழுகும். இறுக்கித் திணித்தால், நீரில் மரம் ஊதும்போது பலகை ஆணியை இழுத்துக்கொண்டு வெளியே தள்ளும்.

படகு இறக்கும் நாளில் ஆடு, கோழி அறுத்து, பாதிரியார் ஆசீர்வதித்து, ஊருக்கே சாப்பாடு போடுவார்கள். படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளைக் கோடரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, படகைப் பக்கமாகச் சாய்த்து, உருளைகள்மேல் கயிறு கட்டி இழுப்பார்கள். கொத்து ஒருசேர விழாவிட்டால் படகு திடீரென்று சரியும், பலகை வெடிக்கும். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாக வடம் பிடித்த நம் ஊருக்கு ஒருவர் குரலுக்கு எல்லாரும் இசைவதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பெரிய மேளம் என்ற கூத்தும் கரியகூ மக்களுக்கு உண்டு. ஆட்டுத்தோல் கட்டிய மூன்று மேளங்கள், ஆபிரிக்க இனங்களின் பெயரிலேயே ஆட்டங்கள்.

2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் புயல் அந்தத் தீவைத் துவம்சம் செய்தது. 1978இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களுக்கு அது எப்படி என்று தெரியும்.

நாங்கள் கேட்பது இதுதான். பைபர் படகையும் பலகைத் தோணியையும் ஒரே வரிசையில் ஓடவிட்டால் பாரம் குறைந்த பைபர்தான் முந்தும். அடுத்த வருடம் எவரும் பலகைத் தோணி கட்டுவிக்க மாட்டார்கள். பலகைத் தோணிக்குத் தனி வரிசை வையுங்கள். அணியத்திலிருந்து பின்பக்கம்வரை கயிற்றால் அளந்து நீளப்படி பிரியுங்கள். பரிசில் ஒரு பங்கு தோணி கட்டிய தச்சரான ஓடாவிக்குப் போகட்டும்.

இன்னொன்று: பலகைத் தோணியை ஓட்டத்துக்கு முதல்நாளே வாவியில் இறக்கிவிட வேண்டும். காய்ந்த தோணியை அன்றைக்கே இறக்கினால், இடுக்குகள் ஊதி மூடுமுன் தண்ணீர் ஏறும். பாதி வழியில் துடுப்பை வைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டி வரும்.

தோணி வேலை செய்வோர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.