காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குவதற்குப் பதில் ஒரு கைக்கு கீபோர்டு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கடைசி வருடப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வரிசையில் நிற்பார்கள். அட்டையில் பெயர்தான் வேறு. உள்ளே அதே கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ, அதே செல்போனில் ஃபேன் போடும் சர்க்யூட், போன வருடம் நான் பைண்டிங் போட்ட அதே பக்கங்கள், எழுத்துப்பிழை உட்பட. ரெடிமேடாகச் செய்து விற்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறார்கள். பெற்றவர்கள் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, செய்து பார்க்க உருப்படியான வேலை ஒன்றை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதுதான் வருத்தம். எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்கிறேன்: கை சரியாக இயங்காத ஒருவருக்காக, அவர் கையை அளவெடுத்து, ஒயர் இல்லாத கீபோர்டு ஒன்று செய்து கொடுங்கள்.

எங்கள் கடையில் பல வருடமாக டைப் செய்யும் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கை நன்றாக இருக்கிறது. இடது கை மட்டும் போதும் என்கிற மாதிரி கடையில் கீபோர்டு தேடினால் நம் ஊரில் கிடைக்காது, வெளிநாட்டுச் சரக்கின் விலை நமக்குக் கட்டாது. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, சால்டரிங் மட்டும் கொஞ்சம் வரும். என்னால் முடிந்தது மூன்று வருடம் டிப்ளமோ படித்த பிள்ளைக்கு முடியாதா?

இதற்கு உயிர்நாடி ஒரு சின்ன போர்டு, விரல் நீளம்கூட இருக்காது. நார்வேயின் நோர்டிக் கம்பெனி செய்யும் என்ஆர்எஃப்52840 என்ற சிப் அதில் இருக்கிறது. புளூடூத், 1 எம்பி ஃபிளாஷ் நினைவகம் எல்லாம் அந்தச் சிப்புக்குள்ளேயே அடக்கம். லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும் அந்தப் போர்டிலேயே வந்துவிடுகிறது. நைஸ் நானோ என்ற போர்டுதான் இதில் பெயர் பெற்றது. அதே சிப்பை வைத்து வரும் மலிவான போர்டுகளும் உண்டு, ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. உள்ளே ஏற்ற வேண்டிய மென்பொருளின் பெயர் இசட்எம்கே, 2020-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம், காசு கிடையாது. எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி கிட்ஹப் என்ற இணையதளத்தில் போட்டால் அதுவே போர்டில் ஏற்றும் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்துவிடும், நல்ல கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. போர்டின் ரீசெட்டை இரண்டு முறை சட்டென்று தொட்டால் அது பென்டிரைவ் மாதிரி திரையில் தெரியும், கோப்பை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

அக்காவுக்குச் செய்தது மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு விசை, கட்டைவிரலுக்குத் தனியாக நான்கு, ஆக 22. ஒவ்வொரு விசைக்கும் போர்டிலிருந்து ஒரு கால் (ஒயர் இணைக்கும் முனை) கொடுத்தால் கால் போதாது. அதனால் விசைகளை வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டி, கட்டைவிரல் விசைகளை நான்காவது வரிசையாக வைத்து, 4-ம் 6-ம் சேர்த்து 10 காலில் முடித்துவிடலாம். விசைக்கு ஒரு டயோடு வேண்டும், 1என்4148 என்று கேட்டால் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். இதை விட்டுவிட்டால், சதுரத்தின் மூன்று மூலையில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது நான்காவது மூலை எழுத்தும் தானாக வந்து விழும். டயோடின் கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் டயோடு ஒரு வழிப் பாதை என்று படித்த பிள்ளைக்கு அது எதற்கு என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்ற விசை அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலது கைப்பக்கம். வலது கை ஓய்வாக இருக்கும் வரிசையிலேயே க ப ம த ந ய வந்துவிடும். இரண்டு கையும் இருப்பவருக்கு இதைவிடச் சுகமான அமைப்பு கிடையாது, ஆனால் வலது கை விழுந்துவிட்டால் மெய்யெழுத்து பெரும்பாலும் போச்சு. அதனால் கட்டைவிரல் விசை ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் இடது கை விசைகள் வலது கை விசைகளாக மாறும்படி, அதுவும் கண்ணாடியில் பார்த்தாற்போல் திருப்பிப் போட்டேன். வலது நடுவிரல் அடித்த ம இப்போது இடது நடுவிரலில். வலது ஆட்காட்டி அடித்த ப இடது ஆட்காட்டியில். விரலுக்குப் பழகிய பாடம் மறக்காமல் கைமாறி வருகிறது. அம்மா என்று அடிக்க, சுண்டுவிரலால் அ, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நடுவிரலால் இரண்டு தட்டு, தமிழ்99 தானே புள்ளி வைத்து ம்ம ஆக்கிவிடும், கட்டைவிரலை விட்டுவிட்டு மேல் வரிசையில் சுண்டுவிரலால் ஆ. அவ்வளவுதான். ச, ய இரண்டும் ஐந்து நெடுவரிசையின் எல்லைக்கு வெளியே விழுந்ததால்தான் ஆறாவது நெடுவரிசை. ஞ மட்டும் தனி விசைக்குப் போனது.

கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். அது அனுப்புவது விசையின் எண்ணை மட்டும்தான், அதை எழுத்தாக்குவது கம்ப்யூட்டரில் நாம் தேர்வு செய்திருக்கும் தமிழ்99. அதனால் அதே பலகையில் இங்கிலீஷும் அடிக்கலாம்.

அளவெடுப்பது என்று சொன்னேனே, அது ஸ்கேல் வைத்து எடுப்பதோடு நிற்காது. கட்டைவிரல் விசையைத் தட்டினால் இடைவெளி, பிடித்தால் வலது கை எழுத்துகள். தட்டலா பிடித்தலா என்று அது முடிவு செய்ய வழக்கமாக 200 மில்லிசெகண்ட் வைத்திருப்பார்கள். அக்கா இடைவெளியை நிதானமாகத்தான் விடுவார், அதனால் இடைவெளிக்குப் பதில் எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்த நேரத்தைக் கூட்டியதும் சரியாகிவிட்டது. சுவிட்சிலும் 35 கிராம் அழுத்தத்தில் இறங்குவது உண்டு, 60 கிராம் கேட்பதும் உண்டு. பலம் இல்லாத விரலுக்கு லேசானது, விரல் நடுங்குபவருக்குக் கொஞ்சம் கனமானது, உட்கார வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒயர் வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒற்றைக் கையில் வேலை செய்பவர் பலகையை மடியிலோ நாற்காலிக் கையிலோ வைத்துக்கொள்வார், ஒயர் இருந்தால் இழுத்துக்கொண்டே இருக்கும், பிடித்து நிறுத்த இன்னொரு கை கிடையாது. படுக்கையில் இருப்பவர் செல்போனோடு சேர்த்துக்கொள்ளலாம், ஐந்து கருவி வரை மாற்றி மாற்றி இணைக்க முடியும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும் லித்தியம் பேட்டரி அது. சிவப்பு ஒயர் பிளஸ் என்று நம்பி இணைக்காதீர்கள், மாற்றிப் போட்டு வரும் சரக்கும் உண்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் போர்டு போய்விடும். நைஸ் நானோ 100 மில்லிஆம்பியரில் சார்ஜ் செய்யும், அதனால் 100 மில்லிஆம்பியர்-அவர் கொள்ளளவுக்கும் கீழான பேட்டரி போடக் கூடாது, 110 மில்லிஆம்பியர்-அவர் வாங்கினால் சரியாக இருக்கும். வாங்கிய போர்டு எவ்வளவில் சார்ஜ் செய்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. நம் வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்பிய பேட்டரியை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள், ஆணி வைத்துக் குத்திப் பார்க்காதீர்கள்.

இதை வேலூரில் இருந்து கேட்பதற்கு எனக்கு ஒரு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை தசைநாண்களை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் சிஎம்சி மருத்துவமனையில் தொடங்கியது இந்த ஊரில்தான். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ததும் இங்கேதான். 1966-இல் மறுவாழ்வுப் பிரிவு பாகாயத்தில் வந்தது. தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கையைச் சரி செய்வதில் உலகத்துக்கே வழி காட்டிய ஊரில், கை சரியானதற்கு அப்புறம் அந்தக் கை பிடிக்க வேண்டிய கருவியைச் செய்ய நம் பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாதா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கில் தொடங்கி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகள் வரை, கடைசி வருட எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளில் குழுவுக்கு ஒருவர் என்று கை முடியாத ஒரு ஆளை அறிமுகம் செய்து வைக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு செய்தவர்களிடமும், அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளிடமும் கேட்டால் யாருக்குத் தேவை என்று தெரிந்துவிடும். மார்க் போடும்போது ரிப்போர்ட் எத்தனை பக்கம் என்று பார்க்காமல், அந்த ஆள் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்து உட்கார்ந்து தன் பெயரையும் ஊரையும் அந்தப் பலகையில் டைப் செய்கிறாரா என்று பார்த்து மார்க் போடட்டும். விலைக்கு வாங்கி வந்த ப்ராஜெக்ட் அங்கே நிற்காது, ஏனென்றால் அந்த ஆளின் கை அளவு யாரிடமும் ரெடிமேடாக இருக்காது.

ஆசிரியர்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால் ஜூலையிலேயே போர்டும் சுவிட்சும் ஆர்டர் போட்டுவிடுங்கள், வெளிநாட்டிலிருந்து வருவது தாமதமாகும். டயோடு, ஒயர், சால்டரிங் ஈயம் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். அக்காவுக்கு எழுதிய கோப்பை யார் கேட்டாலும் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், வலது கை நன்றாக இருந்து இடது கை முடியாதவருக்கு அதைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.