பனிக்காலத்தில் போட்ட கூரைக்கு ஏழு நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் ஊட்டி உறைபனிப் படம் பத்திரிகைகளில் தவறாமல் வருகிறது. தலைகுந்தாவில் வெளுத்துக் கிடக்கும் புல்வெளி, வண்டி மேல் படிந்த பனியைச் சுரண்டிக் கையில் எடுத்துக் காட்டும் சுற்றுலாப் பயணிகள், கருகிப்போன தேயிலை. எல்லாம் தேவையான செய்திதான். அதே பனியில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் படும் பாட்டைப் பற்றி மட்டும் நான் எங்கும் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் முத்தோரை பாலாடா பக்கம் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். தகர ஷீட் வீட்டைப் பிரித்துவிட்டு, பாங்குக் கடன் வாங்கி அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கினோம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் அஸ்திவாரம், அக்டோபரில் கூரை, தை மாதம் பால் காய்ச்சுவது என்பது திட்டம். வடகிழக்கு மழை அதைக் கலைத்துவிட்டது. இங்கே எம்-சாண்ட், கம்பி, சிமெண்ட் எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வரவேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரி கீழேயே நின்றுவிடும். லாரி வந்த நாளில் மழை, மழை விட்ட நாளில் ஆள் இல்லை. இப்படியே போய், கூரைத் தளம் போடும்போது டிசம்பர் பாதி ஆகிவிட்டது.

அன்று நல்ல வெயில். மாலை நாலு மணிக்கெல்லாம் எங்கள் பள்ளத்திலிருந்து வெயில் போய்விடும். ராத்திரி பனி கொட்டியது. காலையில் பார்த்தால், தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் ஓரத்தில் கண்ணாடி போல உறைந்திருந்தது. வேலை எடுத்த மேஸ்திரி சமவெளிக்காரர், அனுபவசாலி என்றுதான் பேர். ஏழு நாள் முடிந்ததும், நாங்கள் தோட்டத்தில் இருந்த நேரத்தில், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளை எடுத்துப் பலகையைப் பிரித்து அடுத்த வேலைக்கு ஏற்றிவிட்டார். கேட்டதற்கு, "எங்கேயும் ஏழு நாள்தாம்மா, பலகை வாடகை ஏறுதில்ல" என்றார். இரண்டு நாளில் ஹால் கூரை நடுவில் தொய்ந்தது. அடிப்பக்கம் நூல் பிடித்தாற்போல விரிசல். மேல்பக்கம் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

எங்களுக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, முதல் வேலையாகத் திரும்ப முட்டுக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதியை எடுத்து வாசித்துக் காட்டினார். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நிபந்தனை போட்டிருக்கிறது. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடமாக இருக்கவேண்டும், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டாக இருக்கவேண்டும். ஊட்டியில் மார்கழி, தை ராத்திரிகளில் 15 டிகிரி எங்கே இருக்கிறது? நாங்கள் வாங்கிய சிமெண்டும் சாம்பல் கலந்த பி.பி.சி. வகை. நல்ல சிமெண்ட்தான், ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அந்த ஏழு நாள் கணக்கு எங்கள் கூரைக்கு இரண்டு விதத்திலும் பொருந்தாது.

குளிரில் சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுவது மிகவும் மெதுவாக நடக்கும். தளம் போட்ட முதல் ராத்திரியே கலவைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்துவிட்டால், அது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து, இறுகத் தொடங்கிய கான்கிரீட்டை உள்ளேயே உடைத்துவிடும். அப்புறம் எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் போன பலம் முழுசாகத் திரும்பாது என்று பொறியாளர் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஹால் பகுதியை மட்டும் உடைத்து மறுபடி போடவேண்டி வந்தது. பாங்கு ஒரு கூரைக்குத்தான் பணம் கொடுக்கும். இரண்டாவது கூரை கேரட் பணத்தில் போட்டது.

அப்படியென்றால் பனிக்காலத்தில் கட்டாதீர்கள் என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு வேறு காலம் எது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை. மழை இல்லாத மாதங்கள் பெரும்பாலும் பனி மாதங்கள்தான். கட்டத்தான் வேண்டும், பனிக்கு ஏற்றபடி கட்டவேண்டும். இளம் தேயிலைச் செடியைத் தாகை என்ற காட்டுச் செடியைப் போட்டு மூடத் தெரிந்த ஊர் இது. புதுத் தளத்தையும் சாயங்காலமே சணல் சாக்கு, அதன் மேல் தார்ப்பாய் என்று மூடலாம். கலவையைக் காலையிலேயே போட்டு முடிக்கலாம், தண்ணீரை வெயில் ஏறிய பிறகு விடலாம். ஹால் கூரையை இரண்டாம் முறை இப்படித்தான் போட்டோம், முட்டுகளை மூன்று வாரம் தொடவில்லை. இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை, முட்டு, பலகை வாடகையைத் தவிர.

அந்த வாடகைதான் ஏழைகளைக் கொல்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடி வீடு, பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை. மத்திய அரசின் வீட்டுத் திட்டத்திலும் எங்கள் பக்கத்தில் கட்டுகிறார்கள். இவற்றில் ஒவ்வொரு நிலை முடிந்தால்தான் அடுத்த தவணை வரும். கையில் காசு இல்லாதவர் வாடகைக்குப் பயந்து முட்டுகளைச் சீக்கிரமே எடுப்பார், தவணைக்காகக் குளிரிலும் அவசரமாகத் தளம் போடுவார். நாங்களாவது கேரட் விற்று மறுபடி போட்டோம். அவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. அந்தக் கூரையின் கீழ் குழந்தைகள் தூங்கப்போகிறார்கள்.

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் உங்கள் மூலமாக நான் கேட்பது இதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலை ஊர்களில் கூரை நிலைக்குக் கூடுதல் அவகாசம் கொடுங்கள். வீட்டு அனுமதித் தாளோடு, குளிரில் தளம் போடும் முறையைத் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள், கொத்தனார்களும் மேஸ்திரிகளும் படிக்கிற மாதிரி. அத்துடன் ஒவ்வொரு ஊராட்சியும் கொஞ்சம் இரும்பு முட்டுகளை வாங்கி வைத்து, திட்ட வீடு கட்டுபவர்களுக்கு வாடகையில்லாமல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். அடுத்த டிசம்பருக்கு முன் இதைச் செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தோரை பாலாடா, நீலகிரி மாவட்டம்