மேஜையில் எல்லோரும் முடித்த பிறகு தட்டை எடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டல் நடத்துபவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேர் ஒரே மேஜையில் சாப்பிடும்போது, முதலில் முடித்தவர் தட்டை மட்டும் உடனே எடுத்துக்கொண்டு போகும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை பொறுங்கள், பொறுக்கவே முடியாத அளவுக்குக் கூட்டம் என்றால் "எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று சிலர் நினைக்கலாம். வயதான பெற்றோரை ஓட்டலுக்கு அழைத்துப்போய் வருகிறவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பல் போனவர்களுக்கு மென்று விழுங்க நேரம் ஆகும். நாங்கள் எல்லோரும் தோசையை முடித்திருப்போம், அம்மா இரண்டாவது இட்லியை அப்போதுதான் பிட்டு சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் சுற்றியிருக்கும் தட்டுகள் ஒவ்வொன்றாகப் போய், ஈரத்துணியால் மேஜையைத் துடைத்து, பில்லையும் கொண்டுவந்து வைத்துவிட்டால் அவர் மனதில் என்ன தோன்றும்? தன்னால்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். புதிய பஸ் நிலையம் பக்கம் ஒரு ஓட்டலில் எங்களுக்கு இதுதான் நடந்தது. "எனக்குப் போதும்ப்பா, கிளம்பலாம்" என்று பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டார், எவ்வளவு சொல்லியும் மறுபடி கை வைக்கவில்லை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் கடைசியாகச் சாப்பிட உட்காரும் தாய், எதிரே காலி மேஜையைப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குவதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

எடுக்கிற விதமும் சரியில்லை. எச்சில் போடும் பிளாஸ்டிக் டப்பை மேஜை ஓரத்திலேயே வைத்து, ஒரு தட்டில் மிச்சமிருக்கும் சட்னியையும் கறிவேப்பிலையையும் இன்னொரு தட்டில் வழித்துக் கொட்டி, அதை அப்படியே அடுக்கி, இவ்வளவையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கண்ணெதிரே செய்கிறார்கள். எச்சில் என்றால் நம் வீடுகளில் எவ்வளவு பார்ப்போம்! சாப்பிடுகிறவர் தட்டுக்கு மேலே கையை நீட்டி எச்சில் தட்டை எடுத்துப் போவதை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நமக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிடும்போது எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். மோர் சாதம் வரை வந்து, எல்லோரும் முடித்தார்களா என்று யாராவது ஒரு பெரியவர் வரிசையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பந்தி எழும். பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் நின்றாலும் மடிக்காத இலையில் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் டிபன் ஓட்டலில் எவர்சில்வர் தட்டின் மேல் வட்டமாக வெட்டிய வாழை இலையைப் போட்டுத் தருகிறார்கள், பல இடங்களில் அதுவும் இல்லை, வெறும் தட்டுதான். மடிப்பதற்கு எதுவும் இல்லாதபோது, முடித்தாரா இல்லையா என்று எடுக்க வருபவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

மேல்நாட்டு முறையில் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்தால் முடித்துவிட்டேன் என்று அர்த்தம், பிரித்துச் சாய்த்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். அப்படி அடையாளம் இருந்தும், முறையான விருந்துகளில் மேஜையில் எல்லோரும் முடித்த பிறகுதான் தட்டுகளை மொத்தமாக எடுப்பார்கள். கையால் சாப்பிடும் நமக்கு எழுந்து கை கழுவப் போவதுதான் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் எப்போதும் சரிவராது. குழந்தையின் கையைக் கழுவிவிட எழுந்தவர், போன் வந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து பார்த்தால், கடைசியில் சாப்பிடலாம் என்று வைத்திருந்த வடையோடு தட்டே காணாமல் போயிருக்கும்.

முடித்தவர் எச்சில் தட்டுக்கு முன்னால் கை காய உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அவரே "இதை எடுத்துடுங்க" என்று சொன்னால் தாராளமாக எடுக்கலாம். பொதுவில் வைத்த காலிக் கிண்ணங்கள் இடத்தை அடைத்தால் அவற்றையும் எடுக்கலாம். நான் சொல்வது கேட்காமல் எடுப்பதைப் பற்றி மட்டும்தான்.

தட்டு எடுப்பவரைத் திட்டுவதில் எந்தப் பயனும் இல்லை, அது பாவமும்கூட. சும்மா நின்றால் கல்லாவில் இருந்து குரல் வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால் கண்ணில் படும் காலித் தட்டை எடுக்கிறார். அவர்களில் பலர் வடமாநிலங்களில் இருந்து வந்தவர்கள், தமிழ் இப்போதுதான் பழகுகிறார்கள். தண்ணீர், பில், பார்சல் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி "எடுக்கலாமா" என்பதையும் சொல்லிக்கொடுத்தால் போதும். எல்லாம் முதலாளியும் சூப்பர்வைசரும் சொல்வதைப் பொறுத்தது.

கூட்டத்தைக் காரணமாகச் சொல்வார்கள். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி என்று 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வருகிறவர்கள் மதியம் ஏரிப் பக்கத்து ஓட்டல்களில் குவிவது உண்மைதான். ஆனால் வாரநாள் மாலையில் பாதி மேஜை காலியாக இருக்கும்போதும் இப்படித்தான் எடுக்கிறார்கள், அப்போது யாருக்காக அவசரம்? கூட்ட நேரத்துக்கு வேறு வழி இருக்கிறது. வாசலில் டோக்கன் கொடுத்து நாலு நாற்காலி போட்டுவிட்டால், சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க யாரும் நிற்க மாட்டார்கள், உள்ளே இருப்பவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

சாப்பிட வரும் நாமும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். எல்லோரும் முடித்த பிறகு, வெளியே ஆட்கள் நிற்கும்போது, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நியாயம் இல்லை. காபி குடித்தாகிவிட்டது என்றால் எழுந்துவிடலாம், பேச்சை வெளியே வைத்துக்கொள்ளலாம். அதுவரை மேஜையில் ஒருவர் கையில் கவளம் இருந்தாலும் பில் வைக்காதீர்கள், துணியோடு வராதீர்கள் என்று ஓட்டல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.