நம் மின்னணுக் கைவினைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, கிருஷ்ணகிரி

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் உருப்படியாக எடுத்த முடிவு ஒன்றுதான். யூடியூபைப் பார்த்து எல்.இ.டி. மினுக்குவதோடு நிற்காமல், ஆள் வந்து தொட்டாலோ நடந்தாலோ தட்டினாலோ பதில் சொல்கிற பொருள்களைச் செய்ய வேண்டும், அவை நம் ஊர்க்காரர்கள் நின்று பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றோம். அந்த முடிவு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

ஆண்டின் பெரிய வேலை பேசும் மாம்பழம். மேசையில் செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளி, பெங்களூரா, அல்போன்சா என வரிசையாக இருக்கும். எதைத் தொட்டாலும் அந்த ரகத்தின் கதை ஸ்பீக்கரில் வரும். பழத்தைத் தொட்டு ஒலி எழுப்புவது புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012இல் மேக்கி மேக்கி பலகையை வெளியிட்டதிலிருந்து ஊர் ஊராக வாழைப்பழ பியானோ வாசிக்கிறார்கள். ஆனால் அதில் பழத்துக்குள் கிளிப்பைச் செருக வேண்டும். நம் உறுப்பினரான மாந்தோப்புக்காரர் இதற்கு ஒப்பவே இல்லை. காட்சி முடிந்ததும் பழம் விற்பனைக்குப் போக வேண்டுமாம். நியாயம்தான்.

ஆகவே இ.எஸ்.பி.32 என்னும் சிறு கணினிப் பலகையில், தொடுகையை உணர்வதற்கென்றே இருக்கும் தொடுமுனைகளுக்கு மாறினோம். பழத்துக்கு அடியில் செப்பு நாடா ஒட்டிய அட்டை இருக்கும், பழம் சும்மா அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பழத்துக்குள் முழுக்க ஈரம் என்பதால், கை பட்டதும் செப்பு நாடாவின் மின்தேக்கம், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் திறன், கூடும், பலகை காட்டும் எண் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பலகை சொல்ல, டி.எஃப்.பிளேயர் மினி என்னும் சிறு ஒலிக்கருவி மெமரி கார்டில் உள்ள குரலை ஒலிக்கவிடும். குரல்களைத் தோப்புக்காரரே பதிவு செய்தார். பெங்களூரா ஏன் சாப்பிடுவதைவிடக் கூழ் ஆலைக்கு அதிகம் போகிறது என்று அவர் சொல்வதைக் கேட்கக் கூட்டம் நின்றது.

காட்சி நாளன்று ஒரு சிக்கல். பயிற்சிக் கூடத்தில் லேப்டாப்பைச் சார்ஜரோடு இணைத்து ஓட்டியபோது எல்லாப் பழமும் பேசின. அரங்கில் பவர் பேங்குக்கு மாற்றியதும் பாதிப் பழம் ஊமையாகிவிட்டது. தொடுகை உணர்வுக்கு நம் உடம்பு வழியே தரை வரை போய் முடிகிற ஒரு சுற்று வேண்டும். மூன்று முனை பிளக்கில் அந்த எர்த் தானாகவே கிடைத்துவிடுகிறது, பவர் பேங்கில் கிடைப்பதில்லை. மேசை விளிம்பில் நீளமாகச் செப்பு நாடா ஒட்டி, அதைப் பலகையின் கிரவுண்ட் முனையோடு சேர்த்தோம். உடம்பு வழியே போகும் சுற்று இந்த நாடாவில் முடிந்துவிடும். பழத்தை எட்டிப் பார்க்கக் குனிகிறவர்கள் சொல்லாமலே இன்னொரு கையை அந்த விளிம்பில்தான் ஊன்றுகிறார்கள். அவ்வளவுதான், பழங்கள் மறுபடி பேசின.

அடுத்தது கூத்து. அடவுக்கு ஏற்ப விளக்கின் நிறம் மாறினால் எப்படி இருக்கும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். முதலில் அதிர்வை உணரும் பீசோ வில்லைகளைத் தரையில் புதைத்துப் பார்த்தார்கள். கூத்து ஆடுவது மேடைப் பலகையில் அல்ல, மண்ணில். அதிர்வு மண்ணிலேயே அடங்கிவிடுகிறது. அப்புறம் சலங்கைக்கு மேலே அசைவை அறியும் எம்.பி.யு.6050 உணரியைத் துணியில் தைத்துக் கட்டி, பேட்டரியையும் ஒரு இ.எஸ்.பி.32 பலகையையும் இடுப்புக் கச்சையில் வைத்து, விளக்கோடு இருக்கும் இன்னொரு பலகைக்கு ஒயர் இல்லாமல் தகவல் அனுப்பினோம். விளக்கு வரிசை, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய டபிள்யூ.எஸ்.2812 வகை. அதில் ஒரு விளக்கு முழு வெண்மையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 60 விளக்கு என்றால் 3.6 ஆம்பியர், சாதாரண யு.எஸ்.பி. முனையோ அரை ஆம்பியர்தான் தரும். ஆகவே வேகமாக அடவு பிடிக்கும்போதெல்லாம் பலகை அணைந்து அணைந்து எழுந்தது. தனியாக 5 வோல்ட் சப்ளை வைத்ததும் சரியாயிற்று.

கூத்து வாத்தியார் ஒத்திகையைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குப் பின்னால் விளக்கு வரட்டும், விளக்குக்காக ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றார். சங்கம் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. முழு இரவு ஆட்டத்துக்கு இந்தக் கருவி இன்னும் தகுதி பெறவில்லை என்பது என் கருத்து.

பழைய பொம்மைகளைத் திறந்து ஒலியை மாற்றும் பட்டறைக்குக் குழந்தைகள் நிறைய வந்தார்கள். 1960களில் அமெரிக்காவின் ரீட் கசாலா, மேசை இழுப்பறையில் திறந்து கிடந்த சிறு ஆம்ப்ளிஃபையர் உலோகத்தில் உரசி விசித்திரமாக ஒலித்ததைக் கேட்டுத் தொடங்கிய கலை இது. நம் விதி ஒன்றே: பேட்டரியில் ஓடும் பொம்மையை மட்டுமே திறக்கலாம். பிளக் உள்ள எதையும் தொடக் கூடாது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். வீட்டு டிவியைத் தூக்கி வந்த ஒரு தம்பியைத் திருப்பி அனுப்பினோம். அவர் அப்பா நன்றி சொன்னார்.

ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகைக்கான தொடக்க வகுப்பு வழக்கம்போல் நடந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில், வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த இந்தப் பலகை அந்த ஊர் பார் ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதைக் கேட்டதும் நம் சங்கத்துக்கும் பேருந்து நிலைய டீக்கடைப் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. செயற்குழு நிராகரித்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் சிலர், யானை வந்தால் ஊளையிடும் அலாரம் கேட்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். நாம் பழகுவதற்காகச் செய்கிற பொருளை நம்பி ஒருவர் இரவில் ராகிக் காட்டில் தூங்கக் கூடாது. வனத்துறையிடம் சொல்ல மனு எழுத உதவினோம்.

உதிரிபாகங்களுக்கு இன்னும் மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இணையத்தில் வாங்கிய உணரிகளில் பல செத்தே வந்தன. ஆகவே வந்ததும் சோதித்து, பையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். இதைத் தொடர வேண்டும்.

வரும் ஆண்டில் மாம்பழ மேசையை வெயில் தாங்கும் பெட்டியில் கட்டுவதும், கூத்துக் கருவியின் எடையைக் குறைப்பதும் திட்டம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் மல்டிமீட்டரை வீட்டுக்குக் கொண்டு போனவர்கள் யார் என்று பதிவேட்டில் இருக்கிறது. கூட்டம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், பெயர் வாசிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்