'தாவரம்' என்றால் என்ன? பாடநூலில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்

பள்ளி உயிரியல் பாடநூல்களை எழுதியும் திருத்தியும் தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மாலை வேளைகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். 'தாவரம்' என்ற சொல் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. உள்ளே அது வராத பக்கமே இல்லை. ஆனால் அதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று நான் கையாளும் புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளைக் கேட்டால் "செடி, கொடி, மரம் சார்" என்பார்கள். அது சரி, ஏன் அந்தப் பெயர்? "தாவுறதுனால தாவரமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான், வகுப்பே சிரித்தது. அவனைச் சிரித்தவர்களுக்கும் விடை தெரியாது.

விடை அவன் சொன்னதற்கு நேர் எதிரானது. வடமொழி 'ஸ்தாவரம்' தமிழில் தாவரம் ஆயிற்று. நிற்பது, இடம்பெயராதது என்று பொருள். ஸ்தானம், ஸ்தாபனம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. இதற்கு இணையாக வரும் எதிர்ச்சொல் ஜங்கமம், அதாவது நடமாடுவது. அது தமிழில் சங்கமம் என்றும் வரும் (ஆறுகள் கூடும் சங்கமம் வேறு சொல்). வீட்டுப் பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்' என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நிலமும் வீடும் ஸ்தாவரம். நகையும் மாடும் பாத்திரமும் ஜங்கமம். பத்திரத்தில் இருக்கும் ஸ்தாவரமும் பாடநூலில் இருக்கும் தாவரமும் ஒன்றே என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

ஆதியில் அந்தச் சொல்லுக்குள் செடி கொடி மட்டும் இருக்கவில்லை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல், பூடு, புழு, மரம், விலங்கு, பறவை, பாம்பு, கல் என்று பிறவிகளை அடுக்கிக்கொண்டே போய் 'இத் தாவர சங்கமத்துள்' என்று முடிக்கிறார். நிற்பது என்ற கணக்கில் பார்த்தால் கல்லும் தாவரம்தான். ஆயுர்வேதம் சொல்லும் ஸ்தாவர விஷத்திலும் வேர், இலை, பால் ஆகியவற்றின் நஞ்சோடு தாது நஞ்சும் சேர்ந்திருக்கும். சித்த மருத்துவம் மருந்துச் சரக்கைத் தாவரம், தாது, சீவம் என்று மூன்றாகப் பிரிக்கும்போது கல்லும் உலோகமும் தாதுவுக்குள் போய்விடுகின்றன. பாடநூல் கையாளுவது இந்தச் சுருங்கிய பொருளைத்தான்.

இப்போது தொல்காப்பியத்துக்கு வாருங்கள். அதன் மரபியல் என்ற இயலில் 'புல்லும் மரனும் ஓரறி வினவே' என்று வருகிறது. ஓரறிவு என்பது உற்றறிவு, தொடுகையால் அறிவது. இரண்டு பார்வைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தாவரம் என்ற சொல் அந்த உயிரால் முடியாத ஒன்றை, நகர முடியாததை, வைத்துப் பெயரிடுகிறது. தொல்காப்பியம் அந்த உயிரால் முடிந்ததை வைத்து வகைப்படுத்துகிறது. சார்பசைவுப் பாடம் (ஒளி, தொடுகை போன்ற தூண்டலுக்கு ஏற்பத் தாவரம் வளைவது) நடத்தும் நாளில் இதைச் சொல்லிப் பாருங்கள். பாகற்கொடியின் பற்றுக்கம்பி பக்கத்துக் கயிற்றில் லேசாக உரசட்டும். சில மணி நேரத்தில் சுற்றிப் பிடித்திருக்கும். தொட்ட பக்கம் மெதுவாகவும் எதிர்ப்பக்கம் வேகமாகவும் வளர்வதால் அப்படி வளைகிறது. 'நிற்பது' என்று பெயர் வைத்துக்கொண்டு அதன் அசைவைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம் என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும். (இந்த இடத்தில் எல்லோருக்கும் தொட்டாற்சிணுங்கி நினைவுக்கு வரும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. தொல்காப்பியர் பார்த்திருக்க வழியில்லை.)

அதே மரபியலில் உங்கள் உள்ளமைப்பியல் பாடத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. புறக்காழ் உள்ளவை புல், அகக்காழ் உள்ளவை மரம் என்கிறது அது. காழ் என்றால் வைரம், கட்டையின் கெட்டியான பகுதி. புறக்காழுக்கு உரைகாரர்கள் காட்டுவது பனை, தெங்கு, கமுகு. பனையைப் புல் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். ஆகவே தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு வேப்பந்துண்டும் ஒரு பனந்துண்டும் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். வேம்பில் நடுவில் சிவந்த வைரம், ஓரத்தில் வெளிறு. பனையில் ஓரத்தில் கறுத்த நார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகம் இறங்காத அளவுக்குக் கெட்டி, நடுவில் விரலால் நோண்டினால் உதிரும் சோறு. பனங்கை அறுப்பவர் ஓரத்தை எடுத்துக்கொண்டு சோற்றைத் தள்ளிவிடுவதும் இதனால்தான். வேம்பில் கேம்பியம் என்ற வளர்திசு அடுக்கு வருடா வருடம் புதுக் கட்டையை வெளியே சேர்க்க, உள்ளே கிடக்கும் பழைய கட்டை பிசினும் டானினும் ஏறி வைரக்கட்டை ஆகிறது. பனையில் அந்தக் கேம்பியம் இல்லை. சாற்றுக்குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன, வெளிப்பக்கம் நெருக்கமாக. பனை போன்ற ஒருவித்திலை, வேம்பு போன்ற இருவித்திலைத் தண்டுகளின் வேறுபாடு அன்றைக்கு யாருக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை 'அன்றே கண்டுபிடித்தான் தமிழன்' என்ற பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடாதீர்கள். தொல்காப்பியம் வித்திலையை எண்ணவில்லை. அது பார்த்தது மரம் அறுப்பவரும் கூரை வேய்பவரும் பார்த்ததை. அந்தப் பிரிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வாழைக்கு உள்ளும் காழ் இல்லை, புறமும் காழ் இல்லை. தண்டாகத் தெரிவது இலையடிகளின் சுருள். பப்பாளியும் அப்படி ஒரு சங்கடம். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லுக்கு உரிய சொற்கள், இலை, தளிர், அரும்பு எல்லாம் மரத்துக்கு உரியவை என்கிறது நூல். தென்னைக்கு ஓலை, மாவுக்கு இலை என்று இன்றும் பேச்சு அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் வாழைக்கு நாம் இலைதான் போடுகிறோம், தார் தள்ளும்போது குலை என்றும் சொல்கிறோம். எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று பிள்ளைகளே தேடட்டும்.

சொல்லை மாற்றச் சொல்லியும் நான் எழுதவில்லை. நிலைத்திணை நல்ல சொல், அடைப்புக்குறியில் அறிமுகப்படுத்துங்கள். ஆனால் அதுவும் 'நிற்கும் வகை' என்றே சொல்கிறது. மாற்றிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. பிரையோஃபைட், டெரிடோஃபைட் என்று தாவரப் பிரிவுகளைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்களே, அந்த ஃபைட் கிரேக்கத்தில் 'வளர்ந்தது' என்று பொருள்படும். அதையும் ஒரு வரி சேர்த்தால், ஒருவர் நிற்பதைப் பார்த்தார், ஒருவர் வளர்வதைப் பார்த்தார், ஒருவர் தொடுகையை அறிவதைப் பார்த்தார் என்று அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த அரைப் பக்கம் முதல் பாடத்தின் தொடக்கத்தில் வரட்டும். புறக்காழும் அகக்காழும் உள்ளமைப்பியல் பாடத்தில், தண்டின் குறுக்குவெட்டுப் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மக்காச்சோளம், சூரியகாந்தித் தண்டுகளோடு ஒரு பனந்துண்டின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். தேர்வுக்கு இதிலிருந்து ஒரு மதிப்பெண் கேள்வி மட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியன் ஒருவன்