மூத்த தடுப்பாட்டக்காரரை வாங்குமுன் வன்கூவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் அனுபவமுள்ள ஒரு தடுப்பாட்டக்காரரை "விலை என்னவாக இருந்தாலும்" வாங்கியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஐஸ் ஹொக்கிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. நான் ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் 22 வருடமாக வேலை செய்கிறேன். ஆட்டத்துக்கு ஆட்டம் ஐஸைச் சீவித் தண்ணீர் விடும் சம்போனி வண்டியை ஓட்டுவதுதான் என் வேலை. "விலை என்னவாக இருந்தாலும்" என்ற அந்த மூன்று சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை லீஃப்ஸ் கடைசியாக வென்றது 1967இல். நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய குளிர்காலத்தில் இருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் அதே ஏமாற்றத்தைப் பார்க்கிறேன். கோல் அடிக்க ஆள் இருக்கிறது, பின்னுக்கு நின்று பிடிக்க ஆள் இல்லை என்ற பேச்சும் அப்போதிருந்தே கேட்கிறது. ஆனால் தடுப்பாட்டக்காரரின் வயது எங்கே முதலில் தெரியும் என்பதை என் கண்ணால் பார்த்தவன் நான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அரங்கில் வியாழக்கிழமை இரவு 10 மணிக்குப் பிறகு நாற்பது தாண்டியவர்கள் விளையாடுவார்கள். அவர்களில் சிலர் இளவயதில் நல்ல மட்டத்தில் ஆடியவர்கள். ஆட்டம் முடிந்து வண்டியை வெளியே எடுக்கும்போது ஐஸில் எல்லாம் எழுதிக் கிடக்கும். முன்வரிசை ஆள் முன்னோக்கி ஓடுகிறான். அவனுடைய கோடு நீளமாக, மெல்லியதாக இருக்கும். தடுப்பாட்டக்காரன் எதிராளியைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடுகிறான். எதிராளி ஓரமாகச் சுழித்துக்கொண்டு போனால், ஒரு நொடிக்குள் இடுப்பைத் திறந்து உடம்பை முன்னோக்கித் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பம் இளசுகளின் காலில் மயிரிழை போல ஒரு கோடு. வியாழக்கிழமை ஆட்களின் காலில் அது கொத்திவிட்ட மாதிரி ஒரு பள்ளம், பக்கத்தில் குவியலாக வெள்ளைப் பனித்தூள். கை அப்படியே இருக்கிறது, பந்தை, அதாவது பக் என்ற இறப்பர் வட்டை, கொடுக்கும் கணக்கும் இருக்கிறது. இடுப்புத்தான் முதலில் போகிறது. என்எச்எல் வீரர்களை இவர்களோடு ஒப்பிட முடியாதுதான். அவர்களுக்கு இது 33, 34 வயதில் நுணுக்கமாகத் தொடங்கும். அங்கே பக்கத்தில் ஓடுகிறவன் 21 வயதுப் பொடியன் என்பதால், அந்த நுணுக்கமான அளவே கோலுக்குப் போதும்.

இப்போது வன்கூவர் கதைக்கு வருகிறேன். 2021 ஜூலை 23 அன்று வன்கூவர் கனக்ஸ் அணி, அரிசோனா அணியின் தலைவராக இருந்த ஒலிவர் எக்மன்-லார்சனை வாங்கியது. சுவீடன்காரர், தடுப்பாட்டக்காரர், அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 30 வயதானவர். வருடத்துக்கு 8.25 மில்லியன் டொலர் ஒப்பந்தம், இன்னும் ஆறு பருவம் பாக்கி. அரிசோனா ஏற்றுக்கொண்ட பங்கு வெறும் 12 சதவீதம். மிச்சம் 7.26 மில்லியன் வன்கூவர் தலையில். அப்போது ஒரு அணியின் முழுச் சம்பள உச்சவரம்பே, அதாவது வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்க லீக் விடும் தொகையே, 81.5 மில்லியன்தான். ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு.

அதற்காகக் கொடுத்தது என்ன? அந்த வருட டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களை எடுக்கும் தெரிவில், 9ஆவது தேர்வு, அடுத்த வருடத்து இரண்டாம் சுற்றுத் தேர்வு, ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வு. கூடவே லூயி எரிக்சன், ஜே பீகிள், அந்துவான் ருசெல் என்ற மூன்று பேர். இந்த மூன்று பேருடைய சம்பளமும் சேர்த்து 12 மில்லியன், ஆட்டத்தில் பெரிய பலன் இல்லை. இந்தச் சுமையைத் தள்ளிவிட்டார்கள் என்று அன்று பாராட்டியவர்களும் உண்டு. எக்மன்-லார்சனோடு வன்கூவருக்கு வந்த கொனர் கார்லண்ட் நல்ல ஆட்டக்காரர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று ஒப்பந்தங்களிலும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வருடம். பன்னிரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் 12 மில்லியனும் தானாகவே விடுபட்டிருக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு வருடக் கடனை ஆறு வருடக் கடனாக மாற்றிக்கொண்டார்கள்.

எக்மன்-லார்சன் வன்கூவரில் இரண்டு பருவம் ஆடினார். இரண்டிலும் அணி கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஓஃபுக்குப் போகவில்லை. 2023 ஜூனில் மீதி ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்தார்கள். முறிக்கும்போது மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, பாக்கியுள்ள வருடங்களின் இரட்டிப்புக் காலத்துக்குப் பிரித்துக் கட்ட வேண்டும். நாலு வருடம் பாக்கி, எனவே எட்டு வருடம். 2025-26, 2026-27 பருவங்களில் தலா 4.7 மில்லியனுக்கு மேல் வன்கூவரின் உச்சவரம்புக் கணக்கில் விழுகிறது. அதற்குப் பிறகும் 2030-31 வரை வருடம் 2.1 மில்லியன். கடைசித் தவணை முடியும் கோடையில் அவருக்கு 40 வயது.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் மாதமே பெரிய கழிவுக்குச் சீட்டை எடுத்துச் செலவழித்தவர், பிறகு மாதா மாதம் எப்படிக் கட்டினார் என்பதைப் பார்க்காத வீடு ஸ்காபரோவில் குறைவு.

அந்த 9ஆவது தேர்வில் அரிசோனா எடுத்தது டிலன் கென்தர் என்ற 18 வயதுப் பையனை. அணி யூட்டாவுக்கு மாறிய பிறகு, 2024 அக்டோபரில் அந்த அணியின் முதல் கோலை அடித்தவர் அவர்தான். அந்தப் பருவத்தில் 27 கோல்.

எக்மன்-லார்சனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முறிக்கப்பட்ட அதே கோடையில் புளோரிடா அவரை 2.25 மில்லியனுக்கு எடுத்தது. 2024இல் அவர் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அதன் பிறகு ஜூலை 1 அன்று நம்முடைய லீஃப்ஸே வருடம் 3.5 மில்லியனுக்கு ஒப்பந்தம் செய்தது, எந்தத் தேர்வையும் கொடுக்காமல். ஆள் அதே ஆள். 7.26 மில்லியனில் பாரமாக இருந்தவர் பாதி விலையில் பயனுள்ளவர் ஆனார். நீங்கள் "விலை என்னவாக இருந்தாலும்" என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது இவருடைய முகம்தான்.

இன்னொரு உதாரணம் நம் ஊரோடு தொடர்புள்ளது. லீஃப்ஸின் பொது மேலாளராக இருந்த கைல் டூபஸ், 2019 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலஸிடம் இருந்து ஜேக் மசின் என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கினார். ஒரு முதல் சுற்றுத் தேர்வும் இரண்டு இளம் வீரர்களும் விலை. மசினுக்கு 29 வயது, சம்பளக் கணக்கில் 4 மில்லியன், ஒன்றரைப் பருவம் மட்டும் மிச்சம். அது நல்ல வியாபாரம் என்று இன்றும் சொல்வேன். அவர் பக்குக்கு முன்னால் விழுந்து தடுத்ததை எங்கள் அரங்கின் சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். பிறகு 5.625 மில்லியனுக்கு நாலு வருடம் நீட்டினார்கள். 2022 அக்டோபரில் கழுத்தில் காயம். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. யார் மீதும் பிழை இல்லை, ஆனால் நீண்ட ஒப்பந்தம் போடும்போது இந்தச் சாத்தியத்தையும் சேர்த்துத்தான் கையெழுத்து விழுகிறது.

அதே டூபஸ் பிட்ஸ்பர்க்குக்குப் போய் 2023 ஓகஸ்ட் 6 அன்று எரிக் கார்ல்சனை வாங்கினார். அடுத்த நாள் அந்த அணியின் நட்சத்திரத் தலைவர் சிட்னி குரோஸ்பிக்கு 36ஆவது பிறந்தநாள். அவசரம் விளங்குகிறது. கார்ல்சன் அதற்கு முந்தைய பருவத்தில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 101 புள்ளி எடுத்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் விருதை மூன்றாவது முறை வென்றிருந்தார். 33 வயது, நாலு வருடம் பாக்கி, சான் ஹொசே 1.5 மில்லியனை ஏற்ற பிறகும் வருடம் 10 மில்லியன். முதல் பருவத்தில் 82 ஆட்டமும் ஆடினார், 56 புள்ளி எடுத்தார். அவர் உடைந்து போகவில்லை. ஆனாலும் அணி, லீக் அட்டவணையில் மூன்று புள்ளி குறைந்து பிளேஓஃபைத் தவறவிட்டது, அடுத்த பருவமும் போகவில்லை. அந்த 10 மில்லியனில் இரண்டு மூன்று நடுத்தர வீரர்களை வைத்திருக்கலாமே என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

உச்சவரம்பு ஏறிக்கொண்டு வருகிறது, 2025-26க்கு 95.5 மில்லியன், இன்றைய பெரிய சம்பளம் நாளைக்குச் சிறிதாகிவிடும் என்று ஒருவர் சொல்லலாம். சரி, அது உண்மை. வன்கூவர் மாட்டிக்கொண்டதற்குப் பெருந்தொற்றுக் காலத்தில் வரம்பு அசையாமல் நின்றதும் ஒரு காரணம். ஆனால் வரம்பு ஏறினால் எல்லா அணிக்கும் ஏறும். 35 வயதுக்காரரின் இடுப்பு அதனோடு சேர்ந்து இளசாகாது.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்கும் அணி சம்பளத்தில் பாதி வரை ஏற்க லீக் விதி இடம் கொடுக்கிறது. அரிசோனா மாதிரி 12 சதவீதத்தோடு தப்ப விடாமல், அந்தப் பாதிக்கு லீஃப்ஸ் மல்லுக்கட்ட வேண்டும். ஒன்று இரண்டு வருடம் மிச்சமுள்ளவருக்கு ஒரு தேர்வு கொடுக்கலாம், ஐந்து வருடம் மிச்சமுள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. 2025 மார்ச் 7 அன்று ஒரே நாளில் லீஃப்ஸ் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை நிபந்தனையோடு கொடுத்ததையும் நினைவில் வைக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்க, பின்வரிசைக்கு 20 வயதில் வரவேண்டிய பொடியன் எங்கிருந்து வருவான்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாரையாவது வாங்கச் சொல்லி எழுதினால், அவர் பெயருக்குப் பக்கத்தில் போன பருவத்துப் புள்ளிகளோடு, ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, அன்று அவருக்கு என்ன வயது என்ற இரண்டையும் அச்சிடுங்கள். வாசகர்கள் மிச்சத்தைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஐஸ் அரங்கு ஊழியர் ஒருவர்,
ஸ்காபரோ