ஆளுக்கு இரண்டு வெள்ளரித் துண்டு: விடுதி மெஸ் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வார்டன் அம்மாவுக்கும் மெஸ் கமிட்டியினருக்கும்,

வணக்கம். விடுதிப் பிள்ளைகளுக்குத் தினமும் மதியம் பச்சைக் காய் சாலட் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து நின்று கேட்டவள்தான் நான். மனுவும் கொடுத்தாயிற்று.

போன வாரம் ஆய்வுக்கு ஆட்கள் வந்த அன்று மெஸ்ஸில் பச்சைக் காய் சாலட் வைத்தீர்கள். முட்டைக்கோஸ், வெள்ளரி, குடைமிளகாய், பொடியாக அரிந்த கொத்தமல்லி, மேலே எலுமிச்சை. மகள் ஆசையாகப் படம் எடுத்து அனுப்பினாள். மறுநாளும் ஒரு படம் வந்தது: காலையிலேயே நறுக்கி, மதியத்துக்குள் ஓரம் சுருண்டுபோன வெள்ளரி, ஆளுக்கு இரண்டே துண்டு. முந்தின நாள் முடிந்தது மறுநாள் ஏன் முடியவில்லை?

லீவுக்கு வந்தவள் மாடிப்படியில் பாதி ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. உங்கள் விடுதியில் எத்தனை பேருக்கு என்று யாராவது பார்த்தீர்களா?

சாலட் மட்டும் ரத்தத்தை ஏற்றிவிடாது, தெரியும். மாத்திரை போடுகிறாள். ஆனால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி வேண்டும். குடைமிளகாயிலும் எலுமிச்சையிலும் அது நிறைய. வேகவைத்தால் குறையும், நறுக்கி மணிக்கணக்கில் வைத்தாலும் குறையும். நீங்களோ சாப்பிட்ட கையோடு டீ கொடுக்கிறீர்கள். இருக்கிற இரும்பையும் அது சேரவிடாது.

நான் கேட்பது ஒன்றுதான். தினமும் மதியம், அப்போதே நறுக்கிய பச்சைக் காய், ஆளுக்கு ஒரு கிண்ணம்.

பெண்பிள்ளை சோர்ந்து படுத்தால் 'ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறாள்' என்கிறார்கள். மயங்கி விழுந்தால் 'டயட் இருக்கிறாள்' என்கிறார்கள். தட்டில் என்ன விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மெஸ் பீஸ் ஏறியபோது நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல்தானே கட்டினோம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுநூறு பேருக்குச் சமைக்கிற அக்காமார்களின் பாடும் எனக்குத் தெரியும். பச்சையாகச் சாப்பிடுவதால் குடிதண்ணீரில்தான் கழுவ வேண்டும். அது கூடுதல் வேலை. நறுக்க ஒரு ஆள் கூடுதலாகப் போடுங்கள். அதற்காகும் செலவைப் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள், பேசி முடிக்கலாம்.

வரும் திங்கட்கிழமை மெனு போர்டில் அந்த ஒரு கிண்ணத்தையும் எழுதிவிடுங்கள் அம்மா. தயவுசெய்து.

இப்படிக்கு,
இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் தாய்